ரத்தம் போகாத இடங்கள்

அந்தக் கை அவ்வளவு சில்லென்று இருந்திருக்கக் கூடாது. பூங்கோதைக்கு அதற்கு மேல் எதுவும் ஓடவில்லை. இருதய ஆஸ்பத்திரியின் முதல் மாடியில், இதய அடைப்பை எடுக்கும் அறையின், கேத் லேப் என்று எழுதிய கதவுக்கு எதிரே ஓர் இரும்பு நாற்காலியில் உட்கார்ந்து தன் வலது உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் குணசீலன் கிடக்கிறான். காலையில் திருச்சி குடும்பநல நீதிமன்றத்துக்கு அவனிடமிருந்து விவாகரத்து வாங்கப் போனவள், மதியம் கழிவதற்குள் அவன் மனைவி என்று கையெழுத்துப் போட்டுவிட்டு இங்கே உட்கார்ந்திருக்கிறாள். சித்திரை வெயில். கோர்ட் வராண்டாவில் மின்விசிறிகூட அனலைத்தான் வாரி இறைத்தது. வக்கீல்கள் கறுப்புக் கோட்டைக் கழற்றித் தோளில் போட்டிருந்தார்கள். அத்தனை பேரும் வெந்துகொண்டிருந்த இடத்தில் ஒரு மனுஷனுடைய கை மட்டும் எப்படி அப்படி இருக்கும், பிரிட்ஜிலிருந்து எடுத்த மீன் மாதிரி, ஈரமாக, பிடித்தால் வழுக்கிக்கொண்டு. அவள் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். ஏற்கெனவே எத்தனையோ முறை துடைத்தாகிவிட்டது. ஈரம் எப்போதோ போய்விட்டது, சில்லிப்பு போகவில்லை.

வியர்வையை அவள்தான் முதலில் பார்த்தாள். அதுதான் இப்போது உறுத்துகிறது. வராண்டாவின் அந்தக் கோடியில் பெஞ்சில் அவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மேலுதட்டில் முத்து முத்தாக வேர்த்திருந்தது. பார்த்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்தது, கசப்பான சிரிப்பு. பொய் சொல்லப் போகிறான் என்று நினைத்தாள். பதினாலு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியாதா, அவனுக்குப் பொய் வாயில் வருவதற்கு முன்னால் மேலுதட்டில் வந்துவிடும். சிகரெட்டை விட்டுவிட்டேன் என்று ஹால்ஸ் மிட்டாயைக் கடித்துக்கொண்டு வாசலில் நிற்கும்போது அப்படித்தான் வேர்க்கும். ஜவுளிக்கடையில் வேலை போனபிறகும் நாலு மாசம், தினமும் காலையில் சட்டையை இன் பண்ணிக்கொண்டு, அவள் கட்டிக்கொடுத்த சோற்றை வாங்கிக்கொண்டு கிளம்பினானே, அப்போதும். எங்கே போனான், காவேரிப் பாலத்துக்குக் கீழே படித்துறையில் உட்கார்ந்திருந்தானாம், அவள் வேலை பார்க்கும் கல்லூரி லைப்ரரிக்கு வந்த பையன் ஒருத்தன் பார்த்துவிட்டு வந்து, உங்க சாரை தினமும் அங்க பாக்குறேன் மேடம், மீனுக்குப் பொரி போட்டுட்டு இருக்காரு என்றான். வேலை போனது அவளுக்குப் பெரிசில்லை. அந்த நாலு மாசமும் சாயங்காலம், இன்னிக்குக் கடையில கூட்டமா என்று அவள் கேட்டதும், ஆமா ஆடித் தள்ளுபடி என்று அவன் சொன்னதும், அதை நம்பி அவள் அவன் காலைப் பிடித்துவிட்டதும்தான். அன்றிலிருந்து மனசுக்குள் அவர் என்பது அவன் ஆகிவிட்டது. அந்த மேலுதட்டு வியர்வைதான் இது என்று நினைத்தாள். மறுபடியும் வாய்தா கேட்கப் போகிறான். முகத்தைத் திருப்பிக்கொண்டாள். எவ்வளவு நேரம் திருப்பிக்கொண்டிருந்தாள்? டவாலி உள்ளேயிருந்து வந்து யார் பேரையோ கூப்பிட்டான், அந்த ஜோடி போய் வந்தது, இன்னொரு பேரைக் கூப்பிட்டான். அதற்குள் எவ்வளவு இதயத் தசை செத்திருக்கும். டாக்டர் அப்படித்தான் சொன்னார், ஒவ்வொரு நிமிஷமும் தசை சாகுது என்று. ஒரு நிமிஷத்துக்கு எவ்வளவு? விரல்நகம் அளவா, உள்ளங்கை அளவா? அவள் மறுபடியும் உள்ளங்கையைப் பார்த்தாள்.

வக்கீல் சகாயமேரி வந்து தோளைத் தொட்டுச் சொல்லியிராவிட்டால் அவள் திரும்பியிருக்கவே மாட்டாள். "உங்க எதிர்மனுதாரர் என்னமோ மாதிரி இருக்காரும்மா, ஒரு எட்டு பாருங்க." எதிர்மனுதாரர். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டுதான் எழுந்தாள். கிட்டே போனபோது முகம் சாம்பல் பூத்திருந்தது, கறுப்பு இல்லை, வெளுப்பு இல்லை, அடுப்புச் சாம்பல் நிறம். பெஞ்சில் நிலைகொள்ளாமல் இப்படியும் அப்படியும் அசைந்துகொண்டிருந்தான், சட்டைப் பொத்தானைக் கழற்றினான், மறுபடி போட்டான். மூச்சு மேல்மூச்சாக, ஓடிவந்த நாயைப்போல. "என்னங்க" என்று அவள் வாயிலிருந்து வந்தது, இரண்டு வருஷமாக வராத சொல். நிமிர்ந்து பார்த்தான், பார்த்தது அவளைத்தானா என்று தெரியவில்லை. "கோதை, லைட்டைப் போடு, ஒரே இருட்டா இருக்கு" என்றான். நடுமதியம். வெளியே வெள்ளையாய் எரிகிற வெயில். அப்போதுதான் கையைப் பிடித்தாள். நாடி பார்க்க அவளுக்குத் தெரியாது, ஆனாலும் விரலை வைத்தாள், ஏதோ நூல் மாதிரி ஓடியது, பிடிப்பதற்குள் நழுவியது. நகக்கண்கள் நாவல்பழம் தின்ற மாதிரி நீலம். அப்புறம் சகாயமேரி கூப்பிட்டுப் பிடித்த ஆட்டோ, டிரைவர் ஹாரனிலிருந்து கையை எடுக்காமலேயே ஓட்டியது, அவள் மடியில் அவன் தலை. இதுவும் இரண்டு வருஷமாக இல்லாதது. தலைமயிரில் அதே பழைய எண்ணெய் வாசம். வெறுப்பதற்குக்கூட நேரமில்லாமல் அந்த வாசத்தைச் சுவாசித்துக்கொண்டே போனாள். பாலத்தின் மேல் போகும்போது அவனுக்கு ஒரு நிமிஷம் தெளிந்தது. "விடியக்காலையிலேயே இருந்துச்சு கோதை. நெஞ்சுல கல்லை வெச்ச மாதிரி. கேஸ் மாத்திரை போட்டேன்." "அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கென்ன?" என்று கத்தினாள். அவன் மூச்சை இழுத்து இழுத்துச் சொன்னான்: "மூணாவது தடவையும் வாய்தா கேட்டா... நீ நம்ப மாட்டேன்னு..."

நம்பியிருக்க மாட்டாள். அதுதான் உண்மை. ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறான் என்று தகவல் வந்திருந்தாலும், எந்த ஆஸ்பத்திரி, சீட்டைக் காட்டச் சொல்லுங்க என்று கேட்டிருப்பாள். போன தடவை அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றான், அதற்கு முந்தின தடவை பஸ் கிடைக்கவில்லை என்றான், கோர்ட் வாசலில் நின்று நாலு பேர் பார்க்க அவள் போனில் சொன்னாள், இன்னொரு தடவை வராம இருந்து பாருங்க, உங்க வாயிலேருந்து வர்ற ஒரு வார்த்தையையாவது நான் நம்புவேன்னு நினைக்காதீங்க. அதைச் சொல்லும்போது நிம்மதியாக இருந்தது, உண்மையிலேயே இருந்தது, அன்று வீட்டுக்குப் போய் நன்றாகத் தூங்கினாள். இன்று விடியற்காலையில் அவன் நெஞ்சில் கல்லோடு எழுந்து, குளித்து, சட்டை மாட்டி, பஸ் ஏறி, நின்றுகொண்டே வந்தானோ உட்கார இடம் கிடைத்ததோ, கோர்ட்டுக்கு வந்து பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நேரத்துக்கு வந்தான். ஏன் வந்தாய், பாவி, ஏன் வந்தாய். வராமல் இருந்திருந்தால் திட்டியிருப்பேன், அவ்வளவுதானே.

கீழே அவசரச் சிகிச்சையில் அவள் ஓர் அசடு மாதிரி நடந்துகொண்டாள். சட்டையைக் கத்தரித்து நெஞ்சில் ஒயர்களை ஒட்டினார்கள், ஒருத்தி பிரஷர் பட்டையைச் சுற்றினாள், மறுபடி சுற்றினாள், அடுத்த கையில் சுற்றினாள், டாக்டரிடம் மெல்ல எதையோ சொன்னாள். டாக்டர் பர்வீன் சின்ன உருவம், கண்ணாடி, குரல் மட்டும் உரத்த குரல். ஈ.சி.ஜி. தாளைப் பார்த்துக்கொண்டே கேட்டார், "நீங்க யாரு?" பூங்கோதை வாயைத் திறந்தாள். கோர்ட்டில் அவள் பெயர் மனுதாரர். "அவரு வைஃப்" என்றாள். "சுகர் இருக்கா?" தெரியவில்லை. "பிரஷர் மாத்திரை?" தெரியவில்லை. "எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" முன்பு இல்லை, இப்போது தெரியவில்லை. "சிகரெட்?" "விட்டுட்டேன்னு சொன்னாரு." சொல்லும்போதே நர்ஸ் அவன் சட்டைப் பையிலிருந்து எடுத்து வைத்த பெட்டி மேஜைமேல் இருந்தது, பாதி காலி. டாக்டர் அதைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "பெரிய அட்டாக்மா. அதோட ஷாக்ல இருக்காரு" என்றார். ஷாக் என்ற சொல்தான் அவள் காதில் விழுந்தது. உடனே பதறி, "நான் ஒண்ணுமே சொல்லலையே டாக்டர், இன்னிக்கு ஒரு வார்த்தைகூட அவரை நான் திட்டலையே" என்றாள். சுற்றியிருந்தவர்கள் ஒரு கணம் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த ஷாக் இல்லம்மா" என்று டாக்டர் பர்வீன் அவளை ஓரமாக நகர்த்திக்கொண்டு போனார். "அதிர்ச்சி இல்ல, கரண்டும் இல்ல. உங்க வீட்டு மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார் இருக்குல்ல, அது ஓடுது, ஆனா தள்ளுற சக்தி இல்லைன்னா என்ன ஆகும்? மேல ஏறாது. இவரு இதயம் இப்ப அப்படி இருக்கு. இடது பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய் அடைச்சிருக்கு, பாதித் தசை வேலை செய்யல. ரத்தம் வெளியில தள்ளப்படல. உடம்பு என்ன பண்ணும்னா, கை காலுக்குப் போற ரத்தத்தைக் குறைச்சு மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பப் பாக்கும். அதான் கை சில்லுனு இருக்கு, வேர்த்துக் கொட்டுது. மூளைக்கும் பத்தல, அதான் ஏதேதோ பேசுறாரு. தள்ளாத ரத்தம் நுரையீரல்ல தேங்குது, அதான் மூச்சு வாங்குது. சிறுநீரகத்துக்குப் போகல, அதனால சிறுநீர் வராது." அவள் எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினாள். "வேற எதுனாலயாவது இப்படி ஆகுமா டாக்டர்?" என்று கேட்டாள். வேறு எதையாவது அவர் சொல்லிவிடுவார் என்ற ஆசை. "ஆகும். வால்வு கிழிஞ்சா ஆகும், வைரஸ் காய்ச்சல் வந்து இதயத் தசை வீங்கினா ஆகும், துடிப்பு தாறுமாறாப் போனா ஆகும். ஆனா நாங்க பாக்குறதுல முக்கால்வாசி இதுதான், பெரிய அட்டாக். வலி ஆரம்பிச்ச உடனே வந்திருந்தா இந்த நிலைமைக்குப் போகாமக்கூட இருந்திருக்கலாம். சரி, இப்ப அதைப் பேசி என்ன. குழாயைத் திறக்கணும், உடனே. பிழைக்கிறவங்களும் இருக்காங்க, பிழைக்காதவங்களும் இருக்காங்க, பாதிக்குப் பாதின்னு வெச்சுக்கங்க. கையெழுத்துப் போடுங்க." போட்டாள். பேனா சரியாக எழுதவில்லை, உதறிவிட்டுப் போட்டாள்.

பாதிக்குப் பாதி. மாமியாரிடம் அதைச் சொல்லவில்லை. ராஜாமணி அம்மாள் ஓசூரில் மகள் வீட்டில் இருந்தாள். நம்பர் இன்னும் அத்தை என்றுதான் போனில் இருந்தது, அழிக்கவில்லை, ஏன் அழிக்கவில்லை என்று யோசித்ததும் இல்லை. மணி அடித்து எடுத்ததும், "அத்தை, நான் கோதை" என்றாள். அந்தப் பக்கம் குக்கர் விசில் மட்டும் கேட்டது. "அவருக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரில சேத்திருக்கேன்." குக்கர் இன்னொரு விசில் அடித்தது. நீதான் காரணம் என்று சொல்லப்போகிறாள், என் பிள்ளையைக் கொன்னுட்டியேடி என்று கேட்கப்போகிறாள் என்று பூங்கோதை போனை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "நீ பக்கத்துல இருக்கியா?" என்று கேட்டாள் கிழவி. "இருக்கேன்." "இரு. நான் வர்ற வரைக்கும் போயிடாத." அவ்வளவுதான். மருமகன் ஷிப்டில் இருந்ததால் தனியாகவே பஸ் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் ஊர் ஊராகப் போன் வந்தது. தருமபுரி வந்துட்டேன். சேலத்துல பஸ் மாறிட்டேன். வேறு எதுவும் கேட்க மாட்டாள், ஊர்ப்பெயரைச் சொல்லிவிட்டு மூச்சுவிட்டுக்கொண்டு காத்திருப்பாள். இவள் "உள்ளதான் இருக்காரு அத்தை" என்பாள். கேட்காத கேள்விக்கு அதுதான் பதில்.

கேத் லேப் கதவு திறந்தது. படுக்கையைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், அவன் வாயில் குழாய், கண் மூடியிருந்தது, மேலே தொங்கிய பைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டாக்டர் பர்வீன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே வந்தார். முன்மயிர் நெற்றியில் ஒட்டியிருந்தது, இந்த வியர்வை உழைத்த வியர்வை, பூங்கோதைக்கு இப்போது எல்லாருடைய வியர்வையும் கண்ணில் பட்டது. "அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வெச்சாச்சு. ரத்தம் போகுது. ஆனா தசை மயங்கிக் கிடக்கு, முழிக்கணும். தொடை வழியா ஒரு பலூன் வெச்சிருக்கோம், அது இதயத்துக்குக் கொஞ்சம் கை கொடுக்கும். பிரஷரை ஏத்த மருந்து போகுது. இனிமே பாத்துட்டுத்தான் சொல்லணும்." "எதைப் பாத்துட்டு டாக்டர்?" என்று கேட்டாள். அவர் போகிற அவசரத்திலும் நின்றார். "கால் சூடாகுதான்னு பாப்போம். சிறுநீர் வருதான்னு பாப்போம். பெரிய பெரிய மெஷின் சொல்றதை விட அது சரியாச் சொல்லும்."

ஐ.சி.யூ.வுக்குள் ஒரு தரம் விட்டார்கள். பச்சை அங்கியை மாட்டிக்கொண்டு போனாள். அவனுடைய முழங்காலைப் பார்த்ததும் நின்றுவிட்டாள், தோலில் ஊதா நிறத்தில் வலை பின்னினாற்போலக் கோடுகள், பளிங்குத் தரையில் இருக்குமே அப்படி. இந்த முழங்காலில்தான் கல்யாணமான புதிதில் சைக்கிளிலிருந்து இரண்டு பேருமாக விழுந்து சிராய்த்துக்கொண்டு, சிரித்துச் சிரித்து, தெருவில் போகிறவர்கள் தூக்கிவிட வேண்டியிருந்தது. அன்று ரத்தம் நிற்காமல் வந்தது, சிவப்பாக, தாராளமாக, அவள் தாவணியைக் கிழித்துக் கட்டினாள். இல்லை, தாவணி இல்லை, கல்யாணத்துக்கப்புறம் ஏது தாவணி, சேலை, ஏதோ ஒரு சேலை, நிறம் ஞாபகமில்லை. அவ்வளவு ரத்தம் இருந்த முழங்காலுக்கு இப்போது ஒரு சொட்டு போகமாட்டேன் என்கிறது. கட்டிலுக்குக் கீழே கொக்கியில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. அதிலிருந்து ஒரு குழாய் போர்வைக்குள் போனது. பை காலியாக, மடிப்புக்கூடக் கலையாமல் தட்டையாக இருந்தது. நர்ஸ் குனிந்து பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "ஒண்ணும் இல்லைங்கக்கா." அவள் காலைத் தொட்டாள். மீன். அதே மீன்.

வெளியே வந்து மறுபடி இரும்பு நாற்காலி. இவன் செத்துப்போனால் அவள் யார்? தீர்ப்பு வரவில்லை. அப்படியென்றால் விதவை. பூவையும் பொட்டையும் எடுப்பார்களா, இந்தக் காலத்தில் யார் எடுக்கிறார்கள், ஆனாலும் யாராவது ஒருத்தி வந்து நிற்பாள். வேண்டாம் என்று அவளே எழுதிக்கொடுத்தவனுக்காகத் தலைமாட்டில் உட்கார்ந்து அழ வேண்டும், அழுகை வராவிட்டால் பேசுவார்கள், வந்தாலும் பேசுவார்கள். சீ, என்ன நினைப்பு இது, உயிருக்குப் போராடுகிறான் ஒருத்தன். நெஞ்சைத் தொட்டுச் சொல், அவன் திரும்பி வீட்டுக்கு வர வேண்டும் என்றா நினைக்கிறாய்? இல்லை. ஹால்ஸ் வாசமும் படித்துறைப் பொய்யும் மறுபடி வேண்டுமா? வேண்டாம். பிறகு எதற்கு இங்கே இப்படி உட்கார்ந்திருக்கிறாய்? அவள் அந்தக் கேள்வியையே திருப்பித் திருப்பிக் கேட்டுக்கொண்டாள், ரேகை தேய்ந்துபோகிற அளவுக்குக் கட்டைவிரலால் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே. அவன் இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கேயாவது இருக்க வேண்டும். மீனுக்குப் பொரி போட்டுக்கொண்டாவது இருக்க வேண்டும். கோபப்படுவதற்கு ஆள் இருக்க வேண்டும். போன் அடித்தது. "நாமக்கல் தாண்டியாச்சு." "உள்ளதான் இருக்காரு அத்தை." ஒரு காபி வாங்கி வைத்தாள், ஆடை படிந்தது, குடிக்கவில்லை. ஜன்னல் வெயில் மஞ்சளாகி, சுவரில் ஏறி, மெல்ல மங்கியது. தெய்வத்தைக் கும்பிடலாமா என்று பார்த்தாள். என்னவென்று கும்பிடுவது? சாமி, அவருக்கு மூத்திரம் வரணும். சிரிப்பு வந்தது, அதோடு கண்ணும் நிறைந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் பயந்து, "என்னாச்சுங்க?" என்றாள். "ஒண்ணுமில்லைங்க."

முசிறி என்று போன் வந்த பிறகு, நர்ஸ் கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையாட்டினாள். கையாட்டிய விதம் நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. அங்கியை மாட்டுவதற்குள் கை நுழையவேண்டிய இடத்தில் நுழையாமல் கழுத்தில் நுழைந்தது. உள்ளே போனால் அவன் அப்படியேதான் கிடந்தான், கண் மூடி, வாயில் குழாயோடு. நர்ஸ் கட்டிலுக்குக் கீழே காட்டினாள். பையின் அடியில், ஒரு விரல்கடை உயரத்துக்கு, பால் ஊற்றாத டீ நிறத்தில் சிறுநீர் இருந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே குழாயில் ஒரு சொட்டு நகர்ந்து வந்து விழுந்தது. இன்னொன்று. பூங்கோதை கீழே குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள். வாழ்நாளில் அவ்வளவு அக்கறையாக எதையும் பார்த்ததில்லை. "டாக்டர் பாத்துட்டாங்கக்கா" என்றாள் நர்ஸ். "இன்னும் ஆபத்து தாண்டலையாம், ஆனா சரியான ரோட்டுலதான் போகுதாம். காலைத் தொட்டுப் பாருங்க." தொட்டாள். சூடு என்று சொல்ல முடியாது. ஆனால் மீன் இல்லை. வெயில் இறங்கிய பிறகு கல்லில் மிச்சம் இருக்குமே, அந்த அளவு. கட்டைவிரலை அழுத்தி எடுத்தாள், வெளுத்த இடம் மெதுவாக, மெதுவாகச் சிவந்தது.

ராஜாமணி அம்மாள் வந்தபோது கட்டைப்பை ஒரு கையிலும் செருப்பு ஒரு கையிலுமாக வந்தாள், ஆஸ்பத்திரியில் செருப்பு போடக் கூடாது என்று கழற்றிவிட்டாளாம். இரண்டு வருஷத்தில் கிழவி பாதியாகியிருந்தாள். லிப்டிலிருந்து வெளியே வந்து, இவளைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். சொல்ல இனி ஊர்ப்பெயர் எதுவும் மிச்சமில்லை. பூங்கோதை வேகமாக நடந்து போனாள், எதிரில் போய் நின்று, எதை முதலில் சொல்வது என்று தெரியாமல், "ஒண்ணுக்குப் போயிட்டாரு அத்தை" என்றாள்.

கிழவி அவள் முகத்தையே பார்த்தாள். அப்புறம் சுவரோரமாகச் சரிந்து தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள், தோள் குலுங்கியது. பூங்கோதையும் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து ராஜாமணி அம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மருமகளின் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் தேய்க்க ஆரம்பித்தாள். "என்னடி இது, உன் கை இப்படிச் சில்லுனு இருக்கு" என்றாள். "காலையிலேருந்து என்ன சாப்ட்ட?"